சிறிய மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் எழுதுவது எப்படி: பெரம்பலூர் வழியாக ஒரு செய்முறை

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது பெரம்பலூர். 2011 கணக்கெடுப்பில் இங்கே எண்ணப்பட்டவர்கள் 5,65,223 பேர். மாநிலத்தின் 7,21,47,030 பேரில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. சிறியது என்பதால் இதைப் பற்றி எழுதுவது எளிது என்று தோன்றும். உண்மையில் சிறிய மாவட்டத்தில்தான் ஒவ்வொரு பிழையும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் இங்கே நான்கு ஊர்களைத் தவறாகச் சேர்த்தாலும் விட்டாலும் விழுக்காடு மாறிவிடும்.

பள்ளி மாணவருக்கான குறிப்பாகட்டும், கிராம சபைக்கு வைக்கும் அறிக்கையாகட்டும், ஊர் வரலாறு எழுதுபவரின் முதல் அத்தியாயமாகட்டும், மாவட்டத்தைப் பற்றி எழுத உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எண்ணை எழுதுவதற்கு முன் அந்த எண் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்று எழுத வேண்டும். ஒருமுறை திருத்துவதற்காக என் கைக்கு வந்த மாணவர் கட்டுரை ஒன்றில், பெரம்பலூர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 153 பேர் வாழ்கிறார்கள் என்று இருந்தது. வகுத்தல் சரியாகத்தான் இருந்தது. 5,65,223 பேரை அவர் 3,690 சதுர கிலோமீட்டரால் வகுத்திருந்தார். மக்கள்தொகை 2011-க்கு உரியது; பரப்பளவோ அரியலூரும் சேர்ந்திருந்த பழைய பெரம்பலூர் மாவட்டத்துக்கு உரியது. இன்றைய பரப்பளவு ஏறத்தாழ 1,757 சதுர கிலோமீட்டர். அதனால் வகுத்தால் 322 வரும். இரண்டு எண்களும் அச்சில் வந்தவை, இரண்டும் அவற்றுக்குரிய காலத்தில் சரியானவை. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்ததுதான் பிழை.

எல்லைத் தாள்

ஆகவே முதல் வேலையாக ஒரு தனித் தாளில் மாவட்ட எல்லையின் வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள். பெரம்பலூருக்கு அது இப்படி அமையும். 1995 நவம்பர் 1 அன்று பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று அரியலூர் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிந்தது. அதாவது 12 ஆண்டுகளில் ஒரே பெயர் நான்கு வெவ்வேறு காலப் பகுதிகளில் இரண்டு வெவ்வேறு நிலப்பரப்புகளைக் குறித்திருக்கிறது. 2002-க்கும் 2007-க்கும் இடையில் வெளியான எந்தக் கையேட்டை எடுத்தாலும் அதில் உள்ள பெரம்பலூர், இன்றைய இரண்டு மாவட்டங்களின் கூட்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

1991-க்கும் அதற்கு முன்பும் உள்ள கணக்கெடுப்புகளில் பெரம்பலூர் மாவட்டம் என்ற தலைப்பே இருக்காது. அங்கே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கீழ் வட்ட அளவிலான எண்களை எடுத்து, இன்று எந்தெந்த ஊர்கள் உள்ளே இருக்கின்றனவோ அவற்றை மட்டும் கூட்ட வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் 2001-க்கு அந்தச் சிரமம் தேவையில்லை: 2011 கணக்கெடுப்பு அட்டவணைகளிலேயே, அதே எல்லைக்குப் பொருத்தப்பட்ட 2001 மக்கள்தொகை 4,93,646 என்று தரப்பட்டிருக்கிறது. அதிலிருந்து பார்த்தால் பத்தாண்டு வளர்ச்சி 14.5 விழுக்காடு. பக்கத்து அரியலூரில் அதே பத்தாண்டில் 6,95,524 என்பது 7,54,894 ஆகி, 8.54 விழுக்காடு மட்டுமே வளர்ந்தது. ஒரே மாவட்டமாக இருந்தவை இரண்டு வேகத்தில் வளர்ந்திருப்பதைப் பழைய கூட்டு எண் மறைத்துவிடும்.

மாவட்ட எல்லை முடிந்ததும் உள் எல்லைகளுக்கு வர வேண்டும். இங்கே வருவாய்த் துறையின் வட்டம் வேறு, ஊரக வளர்ச்சித் துறையின் ஊராட்சி ஒன்றியம் வேறு. பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் என வட்டங்கள் நான்கு. பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என ஒன்றியங்களும் நான்கு. பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் எல்லைகளும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்போது ஆலத்தூர் வட்டம் இல்லை. மூன்று வட்டங்களின் கீழ்தான் ஊர்கள் எண்ணப்பட்டன. இன்றைய நான்கு வட்டங்களுக்கு 2011 எண்ணைத் தர விரும்பினால், வட்ட மொத்தத்தைத் தொடாமல் ஊர் ஊராகக் கூட்டுவது ஒன்றே வழி.

பெயர்களில் இன்னொரு பொறியும் உண்டு. வேப்பூர் என்று தேடினால் கடலூர் மாவட்டத்தின் வேப்பூர் வட்டமும் வந்து நிற்கும். அதுவும் இதே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியது. ஒரே பெயருடைய சிற்றூர்கள் பக்கத்துப் பக்கத்து ஒன்றியங்களிலேயே இருக்கும். எனவே ஊர்ப் பெயரோடு கணக்கெடுப்புத் துறை அந்த ஊருக்குக் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணையும் உங்கள் அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்த்துவிடுங்கள். அதோடு வருவாய்க் கிராமம், ஊராட்சி, குக்கிராமம் ஆகிய மூன்றும் வெவ்வேறு அலகுகள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் 121 ஊராட்சிகள் உள்ளன. கணக்கெடுப்பு ஊர்களை எண்ணுவது ஊராட்சி வாரியாக அன்று, வருவாய்க் கிராம வாரியாக.

நிலத்தை நீரிலிருந்து தொடங்குங்கள்

மாவட்டக் குறிப்புகளில் புவியியல் பகுதி வழக்கமாக அட்சரேகை, தீர்க்கரேகை, வடக்கே இது, தெற்கே அது என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும். அந்தத் தகவல் வேண்டியதுதான்: பெரம்பலூருக்கு வடக்கே கடலூர், வடமேற்கே சேலம், கிழக்கே அரியலூர், தெற்கிலும் மேற்கிலும் திருச்சிராப்பள்ளி. ஒரு வாக்கியத்தில் அதை முடித்துவிட்டு ஆறுகளுக்குப் போங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தின்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, சாலை, ஊர் எதையும் வரையாமல் ஓடைகளையும் ஆறுகளையும் ஏரிகளையும் மட்டும் வரையுங்கள். ஒரு மாலை நேரம் போதும். பெரம்பலூரை இப்படி வரைந்தவுடன் ஒன்று கண்ணில் படும். மாவட்டத்தின் வடபகுதி ஓடைகளும் கல்லாறு, சின்னாறு ஆகியவையும் வடக்கு, வடகிழக்கு நோக்கிச் சாய்ந்து வெள்ளாற்றுக்குப் போகின்றன. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. தென்பகுதி நீரோ மருதையாற்றில் சேர்ந்து அரியலூர் வழியாகக் கொள்ளிடத்துக்குப் போகிறது. மேற்கே பச்சைமலையில் பெய்யும் மழை, சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வெவ்வேறு ஆற்றுப் படுகைகளுக்குப் பிரிகிறது. எந்த அரசு எல்லையும் காட்டாத இந்த நீர்ப்பிரிப்புக் கோட்டைக் கண்டுபிடித்து உங்கள் படத்தில் புள்ளிக் கோடாகப் போட்டால், ஏரிகளும் அணைகளும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்பது தானாக விளங்கும். கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி நீர்த்தேக்கம் வெள்ளாற்றுப் பக்கம். மருதையாற்றின் குறுக்கே கொட்டரை நீர்த்தேக்கம் கொள்ளிடப் பக்கம். இவற்றில் ஓடுவது ஆண்டு முழுவதும் ஓடும் நீரன்று. மழை பெய்தால் வெள்ளம், ஓய்ந்தால் மணல். மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பாவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது என்றுதான் விவசாயிகள் சொல்வார்கள்.

அடுத்து பாறையையும் மண்ணையும் பாருங்கள். மாவட்டத்தை ஏறத்தாழ மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரிக்கலாம். மேற்கில் நைஸ், சார்னோகைட் போன்ற பழமையான கடினப் பாறை. அதன்மேல் பெரும்பாலும் செம்மண். கிழக்கிலும் தென்கிழக்கிலும், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் உள்ளே வந்து நின்றபோது படிந்த களிமண், மணற்கல், சுண்ணாம்புப் படிவுகள். அவற்றின்மேல் பரந்த கரிசல். இதை அறியப் புவியியல் படித்திருக்க வேண்டியதில்லை, கிணறுகளை எட்டிப் பார்த்தால் போதும். மேற்கில் நாலைந்து முழம் மண்ணுக்குக் கீழே வெடி வைத்து உடைத்த பாறைச் சுவர் தெரியும். கிழக்கே போகப் போகப் பாறை மறைந்து அடுக்கடுக்கான களி தெரியும். உங்கள் குறிப்பேட்டில் ஊர்ப் பெயர், மேல்மண்ணின் நிறம், பாறை தொடங்கும் ஆழம், கோடையில் நீர் நிற்கும் ஆழம் ஆகிய நான்கை ஊருக்கு ஒரு கிணறு வீதம் எழுதினால், அதைவிட நல்ல மண் வரைபடம் உங்கள் கட்டுரைக்குத் தேவையில்லை.

காரை, கொளக்காநத்தம் பக்கம் ஒரு காலை நேரம் கட்டாயம் நடந்து பாருங்கள். மழைநீர் அரித்த ஓடைக் கரைகளில் சாம்பல் நிறமும் மங்கிய மஞ்சளும் கலந்த களிமண் மொட்டையாக நிற்கும். அதன் ஊடே ஜிப்சம் படிகங்கள் கண்ணாடிச் சில்லுபோல் வெயிலில் மின்னும். குனிந்து பார்த்தால் கடல் உயிரினங்களின் கல்லாகிப்போன எச்சங்கள். அம்மோனைட்டுகள் எனப்படும், அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரினங்களின் எச்சங்களுக்காக உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அறிந்த நிலம் இது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார், இன்று அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். பார்க்கலாம், படம் எடுக்கலாம், வரையலாம். கையில் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. எடுத்த இடத்தை விட்டு அகன்ற எச்சம் ஆய்வுக்குப் பயனற்றுப் போகிறது என்பதை உடன் வரும் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மண்ணை எழுதிய கையோடு பயிரை எழுதினால் கட்டுரை தானாக நகரும். கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் மானாவாரியாக நிற்கின்றன. மக்காச்சோளத்தில் மாநிலத்தின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். செட்டிகுளம் சுற்றுவட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்றது. நெல் என்றால் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர், பூலாம்பாடி பக்கம், அதாவது மலையிலிருந்து வரத்து வாய்க்கால் வந்து ஏரி நிரம்பும் இடங்கள். பயிர்ப் பரப்புக்கு ஆண்டு எண் வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலிலிருந்து தொகுக்கப்படும் பயிர்க் கணக்கு, மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் ஒன்றிய வாரியாகக் கிடைக்கும். ஓர் ஆண்டு எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். மானாவாரி மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டும் பெய்த ஆண்டும் இரண்டு வேறு மாவட்டங்கள்போல இருக்கும். ஐந்தாண்டு எண்களையாவது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மக்கள் எண்களைப் படிக்கும் முறை

மக்கள்தொகைக்கு அடிப்படை ஆவணம், கணக்கெடுப்புத் துறை வெளியிடும் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. அது இரண்டு பகுதிகளாக இருக்கும். முதல் பகுதியில் ஒவ்வோர் ஊரிலும் பள்ளி, மருத்துவமனை, பேருந்து, குடிநீர் போன்ற வசதிகள் உண்டா என்ற பட்டியல். இரண்டாம் பகுதியில் ஊர் வாரியான மக்கள் எண்ணிக்கைச் சுருக்கம். இரண்டும் வேண்டும்.

எண்ணை எடுக்கும்போது அது தற்காலிக எண்ணா, இறுதி எண்ணா என்று பாருங்கள். பெரம்பலூருக்கு 2011-இல் முதலில் வெளியான தற்காலிக எண் 5,64,511. இறுதி எண் 5,65,223. வேறுபாடு 712 பேர்தான் என்றாலும் ஒரே கட்டுரையில் இரண்டு எண்களும் வந்துவிட்டால் படிப்பவருக்கு எதன்மீதும் நம்பிக்கை வராது.

பிறகு விகிதங்களுக்கு வரலாம். ஒவ்வொரு விகிதத்துக்கும் ஒரு வரையறை உண்டு, அது தெரியாமல் எழுதினால் வாக்கியம் தவறாகிவிடும். எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே கணக்கிடப்படுவது. பெரம்பலூரில் அது 74.32 விழுக்காடு, மாநில அளவான 80.09-ஐவிடக் குறைவு. ஆண்களிடையே 82.87, பெண்களிடையே 65.90 என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் குறைபாடு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஏறத்தாழ 17 புள்ளி இடைவெளி. இந்த இடைவெளியை எழுதாமல் மொத்த எண்ணை மட்டும் எழுதுவது அரைகுறைத் தகவல் என்பதே என் கருத்து.

பாலின விகிதத்தில் நிலைமை வேறு. ஆண்கள் 2,82,157, பெண்கள் 2,83,066. ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். மாநில விகிதம் 996. இதை வைத்துப் பெண்களின் நிலை சிறப்பாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். இந்த விகிதத்தை உண்டாக்கும் வேறுபாடு மாவட்டம் முழுவதற்கும் 909 பேர் மட்டுமே. இந்தியக் கணக்கெடுப்பு வெளிநாட்டில் வாழ்பவர்களை எண்ணுவதில்லை. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பூலாம்பாடியிலிருந்து மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் ஆண்கள் தொகை சிறியதன்று. ஆகவே பெண்கள் கூடுதலாக இருப்பது போலத் தோன்றுவதில், ஊரில் இல்லாத ஆண்களுக்கும் பங்கு உண்டு. 6 வயது வரையான குழந்தைகளிடையே உள்ள விகிதத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மாநிலத்தில் அது 943. பெரம்பலூரில் அதைவிடவும் குறைவு. இரண்டு விகிதங்களையும் அடுத்தடுத்து எழுதுவது எழுதுபவரின் கடமை.

நகர மக்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மாநில விகிதம் 48.40 என்பதால் ஒப்பீட்டுக்கு இது கட்டாயம் வேண்டும், ஆனால் எதை நகரம் என்றார்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தவை, அங்கே வயல் இருந்தாலும் நகரமாகவே எண்ணப்படும். அறிவிக்கப்படாத ஊர் நகரமாக எண்ணப்பட வேண்டுமென்றால் 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்று நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். பெரம்பலூர் நகராட்சியில் 2011-இல் ஐம்பதாயிரத்தை ஒட்டிய மக்கள். மற்ற நகர மக்களில் பெரும்பாலோர் குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிக்காடு ஆகிய நான்கு பேரூராட்சிகளில் இருப்பவர்கள். அரும்பாவூரில் தேர் வேலைப்பாட்டுக்குப் பேர்போன மரச்சிற்பக் கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தொழிலுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஊரில் ஏரிப்பாசன நெல் வயல்களும் இருக்கின்றன. நகரம், கிராமம் என்ற இரட்டைப் பெட்டிக்குள் இந்த ஊர் சரியாக அடங்காது, அடங்காததை எழுதினால்தான் ஊர் தெரியும்.

பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 31 விழுக்காடு. மாநிலத்தில் 20 விழுக்காடு. நிலம் யாரிடம், கூலி வேலை யாருக்கு என்ற கேள்வியை இந்த எண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். கையேட்டின் மக்கள் எண்ணிக்கைச் சுருக்கத்தில் உள்ள சாகுபடியாளர், விவசாயக் கூலித் தொழிலாளர் நிரல்கள் அதற்கு உதவும். ஆண்டில் ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர் என்ற பிரிவையும் விடாதீர்கள். மானாவாரி ஊர்களில் இந்த இரண்டாவது நிரல்தான் அதிகம் பேசும்.

பழங்குடியினர் விகிதம் 0.46 விழுக்காடு மட்டுமே. மேற்கு அடிவானம் முழுவதும் பச்சைமலை நிற்கும்போது இது ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். மலைமேல் உள்ள மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களில் பெரும்பாலானவை திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களின் கணக்கில் வருகின்றன. பெரம்பலூரின் பங்குக்கு வருவது பெரும்பாலும் கிழக்குச் சரிவும் மலையாளப்பட்டி போன்ற அடிவார ஊர்களும். மலை கண்ணுக்குத் தெரிகிறது, மக்கள் வேறு பட்டியலில் இருக்கிறார்கள்.

மூன்று ஊர்களில் சரிபார்த்தல்

தொகுத்ததை எல்லாம் வைத்துக்கொண்டு மூன்று ஊர்களுக்கு நேரில் போய் வாருங்கள்: அடிவாரத்தில் ஓர் ஏரிப்பாசன ஊர், ஆலத்தூர் அல்லது குன்னம் பக்கம் ஒரு கரிசல் ஊர், வெள்ளாற்றங்கரையில் ஓர் ஊர். ஒவ்வொன்றிலும் கையேட்டின் வசதிப் பட்டியலை ஊர்க்காரர்களிடம் படித்துக் காட்டி, இன்று எது மாறியிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். தேநீர்க் கடையில் நாலு பேர் சேர்ந்து சொல்வதை ஊராட்சிச் செயலரிடம் ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை ஊரில் மட்டும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: சந்தைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பேருந்து மாறவும் எங்கே போகிறீர்கள்? லெப்பைக்குடிக்காட்டுக்கு எதிர்க்கரையில் திட்டக்குடி இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கோ ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க அரியலூருக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். சிறிய மாவட்டத்தில் வாழ்பவர்களின் அன்றாடம் பல நாள்களில் மாவட்ட எல்லைக்கு வெளியே நடக்கிறது. பதில்களை அம்புக்குறிகளாக அந்த டிரேசிங் தாளிலேயே குறித்தால், ஆறுகளின் போக்கும் மனிதர்களின் போக்கும் ஒரே தாளில் வந்துவிடும்.

கடைசியாக ஆண்டுக் குறிப்பு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை; அடுத்ததற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு இணையத்தில் உலவும் மக்கள்தொகை எண்கள் மதிப்பீடுகள். அவற்றை 2011 எண்ணோடு ஒரே நிரலில் வைக்காதீர்கள். உங்கள் அட்டவணையின் வலப்பக்கம் 2027 என்று தலைப்பிட்டு ஒரு நிரலைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே இன்றுள்ள வட்டம், ஒன்றியம், ஊராட்சி எல்லைகளை இன்றைய தேதியுடன் எழுதி வையுங்கள். அந்த நிரலை நிரப்ப வருபவர் நீங்களாக இல்லாவிட்டாலும், எந்த ஊர் எதற்குள் இருந்தது என்று அவர் தேடி அலைய வேண்டியிருக்காது.